துண்டுக்கு அடியில் ஒரு பேச்சு

என் தங்கை தேவயானி குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர். திருப்பதியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவளுக்கு ஓர் அறை இருக்கிறது. சனிக்கிழமைகளில் மட்டும் சித்தூரில் ஒரு வாடகை அறையில் உட்காருவாள். நான் பத்தாவதோடு நின்றவள். போனை எடுப்பது, வருகிறவர்களை உட்கார வைப்பது, பொம்மைகளைத் துடைத்து அதனதன் இடத்தில் வைப்பது என் வேலை. குழந்தைகள்கூட பொம்மையை எடுத்த இடத்தில் வைத்துவிடுவார்கள். தேவயானி ஒருநாளும் வைத்ததில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் புத்தூர். எலும்பு முறிந்தால் கட்டுப் போட எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து இறங்கும் ஊர். அந்த ஊர்க்காரியான தேவயானியிடம் வருகிறவர்களும் அதே மாதிரி கட்டு ஒன்றைத்தான் எதிர்பார்க்கிறார்கள். "ஊசி உண்டா மேடம்?" "மாத்திரையாவது எழுதிக் குடுங்க." இவளோ குழந்தையோடு தரையில் உட்கார்ந்து சொப்பு விளையாடுவாள். அப்போது பெற்றவர்களின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். சொந்தக்காரர்கள் என்னைத் தனியே இழுத்துக் கேட்பார்கள்: "அத்தினி படிச்சிட்டு இதுக்கா காசு வாங்குது உன் தங்கச்சி?" ஆமாம் என்பேன். எனக்கு அதில் பெருமைதான்.

அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்ல மாசிலாமணி அண்ணன் கதை ஒன்றே போதும். அவர் பாலசமுத்திரம் பக்கத்து மாட்டுத் தரகர். எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதும்மா, என் பேர கொட்ட எழுத்துல போடு" என்றார். குழந்தையின் பெயரை மட்டும் மாற்றி, பிரித்திகா என்று வைத்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, மனைவி மஞ்சுவோடும் மகளோடும் சித்தூர் அறைக்குள் வந்தார். பிரித்திகா யு.கே.ஜி. படிக்கிறாள். உட்காருவதற்கு முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஊட்டுல நல்லா பேசும் மேடம். ஆட்டுக்குட்டிங்கள வரிசையா நிக்க வெச்சி, மிஸ் மாதிரியே தெலுங்குல திட்டும். இஸ்கூல் கேட்டத் தாண்டினா வாயத் தொறக்க மாட்டேன்னுது. சுழி சுத்தமான பொண்ணு. நாக்கப் பாருங்க, பல்லப் பாருங்க." சொல்லிக்கொண்டே மகளின் தாடையைப் பிடித்துத் திறந்து காட்டினார்.

"இன்னாயா நீ, பொண்ணக் காட்றியா, கன்னுக்குட்டிய விக்கிறியா?" என்றாள் மஞ்சு. "மேடம், இந்தாளு புத்தூருக்கே இட்டுக்கினு போயி தாடையக் காட்டிக்கினு வந்துச்சு."

"அவங்க இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள் தேவயானி.

"'எலும்பு நல்லாதான் கீது, ஊட்டுக்குப் போ'ன்னாங்க."

விஷயம் இதுதான். பள்ளியில் ஒரு வருடமாகப் பிரித்திகா ஒரு வார்த்தை பேசவில்லை. கோடை விடுமுறைக்குள் ஒரு வார்த்தையாவது பேசாவிட்டால் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்புவதில்லை, மறுபடி சின்னப் பிள்ளைகளோடுதான் உட்கார வேண்டும் என்று தலைமை ஆசிரியர் ஜெகநாதன் சொல்லிவிட்டார். கூட இருக்கும் சிநேகிதிகளெல்லாம் மேலே போய்விடுவார்கள்.

அது அடம் அல்ல, பயம் என்று தேவயானி விளக்கினாள். எல்லாரும் தன் வாயையே பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தக் குழந்தைக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. ஆகவே, "பேசு" என்று சொல்லக் கூடாது. பேசினால் இது தருகிறேன், அது தருகிறேன் என்று ஆசை காட்டக் கூடாது. தினமும் கொஞ்ச நேரம் அப்பா மகளோடு தரையில் உட்கார வேண்டும். விளையாட்டு அவள் இஷ்டம். அப்பா கேள்வி கேட்காமல் கூட இருந்தால் போதும்.

"அவ்ளோதானா?" என்றார் மாசிலாமணி, ஏமாற்றத்தோடு.

அடுத்த வாரம் மஞ்சு கதவைத் திறந்ததுமே கையை விரித்தாள். "மொத நாளே கெடுத்துட்டாரு மேடம். 'இஸ்கூல்ல குட் மார்னிங் சொல்லு, சாக்லேட் தரேன்'ன்னாரு. அது சும்மா இருந்துச்சி. ஐஸ்கிரீம்னாரு. அப்பறம் பொம்மைக் காரு. இப்ப சைக்கிள்ல வந்து நிக்கிது."

தேவயானிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணா, பாப்பா சும்மா இருக்க இருக்க வெல ஏறிக்கினே போவுது. உங்க சந்தையில எவனாவது இந்த நேரத்துல வாயத் தொறப்பானா?"

மாசிலாமணி யோசித்தார். "தொறக்க மாட்டான். இன்னும் ரெண்டு நாளு இழுப்பான்."

"உங்க பொண்ணுதானே?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். ஆனால் சும்மா இருப்பது அவரால் ஆகிற காரியமாகத் தெரியவில்லை. விடுமுறையோ நெருங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடிய அப்பாவைத் தேவயானி எங்கே போய்த் தேடுவாள்? "நாளைக்கி சந்தைக்கிப் போலாமாக்கா?" என்றாள் என்னிடம். அவர் எங்கே எப்படிப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டுமாம். நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு போய் சாணியில் மிதித்ததுதான் நான் கண்ட பலன் என்று முதலில் நினைத்தேன்.

சந்தையில் மாசிலாமணியின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. பசுவின் குணம், கறவை, தாய் வழி, எல்லாம் உரக்க வந்தன. விலை என்று வந்ததும் சட்டென்று அடங்கிவிட்டார். தோள் துண்டை எடுத்து, தன் கையையும் வாங்குபவர் கையையும் அதைப் போட்டு மூடினார். உள்ளே விரலைப் பிடிப்பதும் விடுவதுமாகப் பேரம் நடந்தது. சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக் கூடாது என்பதற்காகத் தரகர்கள் செய்யும் வழக்கம். இருவரும் முகத்துக்கு முகம் பார்த்து, தலையாட்டி, முறைத்து, சிரித்து, கடைசியில் துண்டை உதறினார்கள். மாடு கைமாறியது. ஒரு வார்த்தை இல்லை.

தேவயானி என் கையைக் கிள்ளினாள். நேராக அவரிடம் போனாள். "அண்ணா, எனக்கும் காட்டுங்க."

"உனக்கு இன்னாத்துக்கு மேடம் இது?"

"காட்டுங்கண்ணா."

அவர் துண்டைப் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்து, விட்டு, ஒரு விரலைப் பிடித்தால் ஆறு. இவள் ஆர்வத்தில் எதையோ அழுத்தித் தலையையும் ஆட்டிவிட, பேரம் முடிந்தது என்று நினைத்து, பக்கத்தில் நின்றிருந்த எருமைக்குச் சொந்தக்காரர் கயிற்றை என் கையில் கொடுக்க வந்துவிட்டார். நான் பதறிப்போய் விலகினேன்.

"அண்ணா, ஊட்டுல பாப்பாவோட பண்ண வேண்டியது இதுதான்" என்றாள் தேவயானி. "வாயில பேசாமலே இவ்ளோ நேரம் ஒருத்தர்கூட இருக்கத் தெரியுதே உங்களுக்கு!"

அன்றிலிருந்து அப்பாவும் மகளும் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிரித்திகா மனதில் ஓர் எண் நினைத்து விரலால் சொல்ல, அப்பா கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் அவள் உருண்டு உருண்டு சிரித்தாளாம். பிறகு தேவயானி பள்ளியில் பேசி, பிள்ளைகள் போன பின் காலி வகுப்பறையில் அதே விளையாட்டை நடத்த ஏற்பாடு செய்தாள். முதலில் அப்பாவும் மகளும் மட்டும். வகுப்பு ஆசிரியை நந்திதா மிஸ் மூலையில் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தார், இவர்களைப் பார்க்காமலே. ஒவ்வொரு தடவையும் நாற்காலி கொஞ்சம் கிட்டே வந்தது. ஒருநாள் மிஸ்ஸின் கையும் துண்டுக்குள் போயிற்று.

பள்ளி மூடுவதற்கு முந்தைய வாரம் நாங்களும் போயிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே நானும் தேவயானியும் மஞ்சுவும், அங்கே வந்து நின்ற ஜெகநாதன் சாரும். உள்ளே, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பிரித்திகா துண்டுக்குள் மிஸ்ஸின் விரல்களை அழுத்தினாள்.

"அஞ்சா?" என்றார் மிஸ்.

இல்லை என்று தலையாட்டல். மறுபடி அழுத்தினாள்.

"நாலா?"

பிரித்திகாவுக்குப் பொறுக்கவில்லை. "தப்பு மிஸ். ஆறு!"

மாசிலாமணி எழுந்தே விட்டார். தேவயானி ஜன்னல் வழியாகக் கையைக் காட்ட, அப்படியே உட்கார்ந்தார். நந்திதா மிஸ் ஒன்றும் நடக்காதது போல, "அய்யோ, ஆறா? எனக்கு வெரல் சரியாத் தெரியல, இன்னொண்ணு வை" என்றார். என் தங்கை சொல்லிக் கொடுத்தபடியே.

ஆனால் ஜெகநாதன் சார் தாழ்வாரத்திலேயே ஆரம்பித்தார். "ஒரு ரைம்ஸ் சொல்லச் சொல்லுங்க, எல்லார் முன்னாடியும். அப்பத்தான் கணக்கு."

"எல்லார் முன்னாடியும்னா மறுபடி பூட்டிக்கும் சார்" என்றாள் தேவயானி. "இப்ப பேச்சு மிஸ் கிட்ட வந்திருக்கு. ஜூன்ல கிளாஸ்ல பக்கத்துப் பொண்ணு கிட்ட வரும். அதுக்கு பாப்பா இந்தப் பிள்ளைங்களோடவே மேல போகணும்."

அதற்குள் மாசிலாமணி வெளியே வந்துவிட்டார். "சார், நீங்க இன்னா கேட்டீங்க? ஒரே ஒரு வார்த்த. தப்பு, மிஸ், ஆறு. ஒண்ணு கேட்ட எடத்துல மூணு குடுத்துக்குது என் பொண்ணு. இதுக்கு மேலயும் இழுத்தா ஞாயமா?"

சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒன்றாம் வகுப்புக்குப் போகட்டும். அவளோட சிநேகிதி பக்கத்துலயே உட்கார வைக்கச் சொல்லி நந்திதா மிஸ்ஸையே எழுதி வெக்கச் சொல்றேன்."

மஞ்சு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேவயானி இருவரையும் நிறுத்தி, "ஊட்டுல யாரும் 'இன்னிக்கி பேசினியாமே'ன்னு கேக்கக் கூடாது. கை தட்டக் கூடாது. கேக்கு வெட்டக் கூடாது" என்றாள்.

"ஊருக்காவது சொல்லலாமா மேடம்?" என்றார் மாசிலாமணி, தவித்துப்போய்.

"சொல்லுங்கண்ணா. பாப்பா காதுல விழாத தூரத்துல."

அவர் போனை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பெட்ரோல் பங்க் வரை நடந்தார். அங்கிருந்து அவர் பேசியது ஒவ்வொரு வார்த்தையும் எங்களுக்குக் கேட்டது. பிரித்திகாவைப் பின்பக்க வழியாகக் கூட்டிப் போகச் சொல்லி மஞ்சுவை அனுப்பி வைத்தாள் என் தங்கை.