நகல் எடுத்த இரண்டு நாட்கள்

அசல் பீரோவுக்கு, நகல் வீட்டுக்கு. வீடியோ கேசட் விஷயத்தில் எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். காரைக்குடியில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகள் பலவற்றிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. பார்சலில் ஒரு கேசட் வந்தால் யாரும் அதை உடனே போட்டுப் பார்த்துவிட மாட்டார்கள். முதலில் அது வீடியோ கடைக்குப் போகும். இரண்டு வீடியோ டெக்குகளை வயரால் இணைத்து அதற்கு நகல் எடுப்பார்கள். நகல் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும். அசல் தலையணை உறையில் சுற்றி பீரோவில் வைக்கப்படும்.

எங்கள் வீட்டில் இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் அக்காவின் கல்யாண கேசட். கல்யாணம் முடிந்து அவள் கணவரோடு சிங்கப்பூர் போன பிறகு, அம்மா அதைத் தினமும் போட்டுப் பார்த்தார். கோயில் வாசலில் அக்கா திரும்பிச் சிரிக்கும் இடம் வந்ததும் பின்னால் ஓட்டி மறுபடி பார்ப்பார். இரண்டு வருடத்தில் சரியாக அந்த இடத்தில் மட்டும் டேப் தேய்ந்தது. அக்காவின் முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடத் தொடங்கின. பார்க்கப் பார்க்கப் படம் தேயும் என்பது அம்மாவுக்கு அப்படித்தான் தெரியவந்தது.

தொண்ணூறுகள் முடிய ஒரு வருடம் இருந்தபோது அந்தத் தட்டு வந்தது. அக்கா சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். அங்குள்ள கோயில் பாடகர் குழுவிலும் இருந்தாள். குழுவின் கிறிஸ்துமஸ் கச்சேரியை ஒரு கம்பெனி படம் பிடித்து, டிவிடி தட்டாக விற்றது. அதில் ஒன்றை அக்கா கொடுத்தனுப்பியிருந்தாள். கூடவே ஒரு கடிதம்: நான் மூன்றாவது வரிசையில் இடமிருந்து நான்காவது ஆள், ஐந்தாவது பாட்டில் நான்கு அடி தனியாகப் பாடுகிறேன், அப்போது கேமரா பக்கத்தில் வரும்.

அம்மாவுக்கு அந்த நான்கு அடிதான் வேண்டும். கச்சேரிக்கு இரண்டு மாதம் முன்பு அக்காவுக்கு நெஞ்சில் ஓர் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நுரையீரலில் ஏதோ கட்டி, எடுத்துவிட்டார்கள், நலமாக இருக்கிறேன் என்று எழுதினாள். அதற்குப் பின் வந்த எல்லாக் கடிதங்களிலும் நலம் என்ற சொல் முதல் வரியிலேயே இருந்தது. ஈஸ்டருக்கு வருகிறேன் என்றவள் வரவில்லை. லீவு இல்லை என்றாள். அங்கிருந்து வந்த ஒருவர் அக்கா மெலிந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். போட்டோ அனுப்பினாள். அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"போட்டோவுக்கு நின்னா யாரும் சிரிக்கத்தான் செய்வாக. நடக்குறதப் பாக்கணும், பேசுறதப் பாக்கணும்" என்றார்.

தட்டைக் கொண்டுவந்தவர் பக்கத்து ஊரான கொத்தமங்கலத்துப் பெரிய வீடு ஒன்றின் மகன். தங்கை கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். அந்தக் கல்யாணப் பெண் பள்ளியில் அம்மாவிடம் படித்தவள். தட்டைப் போட ஒரு பிளேயர் வேண்டும். அது அப்போது எங்களுக்குத் தெரிந்த யார் வீட்டிலும் இல்லை. அவர் கொண்டுவந்திருந்தார். திங்கட்கிழமை காலை சென்னையில் மாமனார் வீட்டுக்கு அதை எடுத்துப் போக வேண்டும். அதுவரை வைத்துக்கொள்ளலாம் என்றார். மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்த நான் லீவு போட்டு வந்திருந்தேன். சனிக்கிழமை காலை அம்மாவும் நானும் கொத்தமங்கலம் போனோம்.

கல்யாணம் முடிந்து மூன்று நாள் ஆகியும் அந்த வீட்டில் ஆட்கள் குறையவில்லை. வீட்டின் இரண்டாம் கட்டில், உள் முற்றத்தை ஒட்டி, கல்யாணத்துக்கென்று வாங்கிய புது டிவி இருந்தது. பிளேயர் அதன் மேலேயே இருந்தது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வயர்கள் டிவியின் பின்னால் நேராகச் செருகியிருந்தன. வீட்டு ஆச்சி எங்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, இங்கேயே உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்.

"இருந்து பாத்துட்டுப் போங்க டீச்சர். இத எதுக்கு காரைக்குடிக்கும் இங்குட்டும் தூக்கிட்டு அலையுறீக?"

அம்மா சுற்றிலும் பார்த்தார். நான் எண்ணியவரை பதினொரு பேர் இருந்தார்கள். நான்கைந்து பேர் டிவி பார்க்க வசதியாக ஏற்கெனவே திரும்பி உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

"ஒரு தடவ பாத்தாப் போதாது ஆச்சி. முதல்ல ஒரு காப்பி எடுத்துக்கிறேன்" என்றார் அம்மா.

வயர்களைக் கழற்றி நான்தான் பெட்டியில் வைத்தேன்.

எங்கள் டிவி எண்பதுகளில் வாங்கியது. கலர்தான், ஆனால் ஆன்டெனா வயருக்கு ஒரே ஒரு துளை. மூன்று வயருக்கு அதில் இடமே கிடையாது. ஆகவே வீட்டுக்குப் போகாமல் நேராகக் காரைக்குடியில் செக்காலைப் பகுதியில் இருந்த வீடியோ கடைக்குப் போனோம். கடைக்காரரும் மூன்றாம் வகுப்பில் அம்மாவிடம் படித்தவர். பிளேயரின் வயர்களைத் தன் டெக்கில் செருகி, டெக்கிலிருந்து கடை டிவிக்கு இணைப்புக் கொடுத்து, புது கேசட் போட்டு ரெக்கார்டை அழுத்தினார்.

படம் வந்தது. மேடை, மெழுகுவர்த்திகள், வெள்ளை உடையில் நான்கு வரிசைப் பாடகர்கள். ஏழெட்டு விநாடி கழித்து எல்லாம் மங்கத் தொடங்கியது. முகங்கள் சாம்பல் நிறமாகி, பிறகு ஏறக்குறைய இருட்டாயின. மெல்ல வெளிச்சம் திரும்பி, அளவுக்கு மேல் போய் வெளுத்தது. மறுபடி மங்கியது. பாட்டில் மட்டும் எந்தக் குறையும் இல்லை.

கடைக்காரர் கரெண்டைச் சந்தேகித்தார். ஸ்டெபிலைசரை மாற்றினார். டெக்கைத் திறந்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தார். வேறு டெக்கில் முயன்றார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கடைகள் மூடியிருக்கும், கரெண்டு ஒரே சீராக வரும் என்று எங்களைத் திரும்ப வரச் சொன்னார். ஞாயிறு பூசை முடிந்ததும் போனோம். அன்றும் அதேதான்.

"தட்டு நல்லாத்தான் இருக்கு டீச்சர். நம்ம ஊரு கரெண்டுக்குத்தான் அது இன்னும் பழகல."

"வீட்டுப்பாடம் எழுதாததுக்கும் நீ கரெண்டத்தான் சொல்லுவே" என்றார் அம்மா.

கடைக்காரர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

இரண்டு நாளில் அந்த ஐந்தாவது பாட்டு கடை டிவியில் நான்கு முறை ஓடியது. நான்கு முறையும் அம்மா திரைக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதலில் நல்லபடியாக நகல் ஆகட்டும், வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்றார். நானாவது பார்த்திருக்கலாம். கரெண்டில்தான் கோளாறு என்று நானும் நம்பியதால் ஸ்டெபிலைசரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இருநூற்று இருபது வோல்டிலேயே நின்றது. கரெண்டில் கோளாறில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. ஞாயிறு மாலை பிளேயரைக் கொத்தமங்கலத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில மாதங்கள் கழித்து அலுவலகத்தில் ஒரு கட்டுரையைத் திருத்தியபோதுதான் நடந்தது என்னவென்று தெரிந்தது. யாரும் நகல் எடுக்கக் கூடாதென்று தட்டிலேயே ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். படத்துக்கும் படத்துக்கும் நடுவே, திரையில் தெரியாத வரிகளில், வெளிச்சத்தின் அளவைப் பற்றி ஒரு பொய்க் குறிப்பு போகும். டிவி அதைப் பொருட்படுத்தாது. டெக் அதை நம்பி, படத்தை மங்கவும் வெளுக்கவும் வைக்கும். ரெக்கார்டு செய்யாமல் டெக் வழியாகப் பழைய டிவியில் பார்த்திருந்தாலும் அப்படியேதான் தெரிந்திருக்கும். பின்னாளில் இன்னும் துல்லியமான தட்டுகள் வந்தபோதும் பழைய டிவி வைத்திருந்தவர்களுக்கு இதே போன்ற தொல்லைகள் இருந்தன என்று படித்தேன். எங்களுக்கு வேண்டியிருந்தது டெக் இல்லாத ஒரு நேர் இணைப்பு. கொத்தமங்கலத்தில் அது இணைத்தபடியே இருந்தது. கடை டிவியின் பின்னாலும் மஞ்சள் துளை இருந்தது. டிவிடி தட்டு பார்க்கப் பார்க்கத் தேயவும் தேயாது. தேய்ந்துபோன கேசட்டிடம் கற்ற பாடத்தைத் தட்டுக்கும் வைத்துக்கொண்டோம்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் அம்மா கதவைச் சாத்திவிட்டு, கிடைத்த நகலையே போடச் சொன்னார். ஐந்தாவது பாட்டு வந்தது. கேமரா மூன்றாவது வரிசையை நெருங்கியது. பக்கத்தில் நிற்பவளின் தோள், ஒரு பாட்டுப் புத்தகம், பிறகு அக்காவின் நெற்றி. அந்த இடத்தில் இருட்டத் தொடங்கியது. முதல் இரண்டு அடிகளை இருட்டிலிருந்து பாடினாள். மூன்றாவது அடியில் வெளிச்சம் வந்து, கண்ணும் வாயும் மட்டும் மிஞ்சும்படி வெளுத்தது. நான்காவது அடியில் கேமரா விலகிவிட்டது.

ரிமோட்டை எடுத்தேன், பின்னால் ஓட்ட. அம்மா வேண்டாமென்று கையைக் காட்டினார். திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளியில் இருபத்தாறு வருடம் பாட்டு வகுப்பு எடுத்தவர் அவர். அக்காவுக்குப் பாடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். பாட்டு முடிந்ததும் சொன்னார்.

"ரெண்டு அடிய ஒரே மூச்சுல பாடுவா. இப்ப அடிக்கு ரெண்டு தடவ எடுக்குறா. வார்த்தைய ஒடைச்சு மூச்சு எடுக்குறா."

எனக்கு அது கேட்கவில்லை. பின்னால் ஓட்டிப் போட்டுக் கேட்டேன். பிறகு கேட்டது.

அன்று மாலை ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் இருவர் நிற்கலாம். ரிசீவரை அம்மா எங்கள் இருவர் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். அக்கா உற்சாகமாகத்தான் பேசினாள்.

"தட்டு வந்துச்சாம்மா? பாத்தீகளா?"

"பாத்தேன்."

"நான் தெரிஞ்சேனா?"

"தெளிவாத் தெரிஞ்சே" என்றார் அம்மா. "ரொம்ப எளைச்சுட்டே ஆத்தா. ஏன் எனக்கு எழுதல?"

அம்மா பொய் சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"முகத்துக்கு அவ்வளவு பவுடர் போட்டு விட்டாக" என்றாள் அக்கா. "அப்படியுமா தெரிஞ்சுச்சு?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கட்டியோடு நுரையீரலிலும் ஒரு பகுதியை எடுத்திருந்தார்கள். மாடிப்படி ஏற முடியவில்லை. வார்டு வேலையிலிருந்து மாற்றி மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள். டாக்டர் விமானத்தில் ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார்; எப்போது ஏறலாம் என்று சொல்லவில்லை. ஈஸ்டருக்கு வராததற்குக் காரணம் லீவு அல்ல.

அவள் முடித்ததும் அம்மா, "சரி ஆத்தா. நீ வர வேணாம். மூச்சு எடுத்து எடுத்தே பாடு. அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றார்.

வெளியே வந்து நடந்தோம். பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் அம்மா நடப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"பாட்டு எடுத்தது போன கிறிஸ்துமஸ்லதானே. அப்பவே அந்த மூச்சுன்னா இப்ப எப்படி இருப்பா?"

வீட்டுக்கு இன்னும் இரண்டு தெரு இருந்தது.