பத்துக்கு ஐந்து

கொக்குவிலில் சீவரத்தினத்தாரின் வாயால் "பொருந்தாது" என்று கேட்காத வீடு குறைவு. கலியாணத் தரகர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "நான் பொருத்தம் பாக்கிறனான்" என்பார். எங்கள் மதிலுக்கு அடுத்த மதில் அவருடையது. விடிந்தால் போதும், பெண்ணைப் பெற்றவர்களும் பெடியனைப் பெற்றவர்களும் சாதகக் குறிப்புகளோடு வந்து நிற்பார்கள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "பத்துக்கு ஏழுதான். விடுங்கோ" என்று எழும்பிவிடுவார். ஒருமுறை சுன்னாகத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரை, ராகுகாலம் முடியுமட்டும் கேற்றுக்கு வெளியே கொளுத்தும் வெய்யிலில் நிற்க வைத்தார். அவர்களும் நின்றார்கள்!

இருபத்தைந்து வருடத்துக்கு முன் எனக்கும் அவர்தான் பார்த்தார். பத்துக்கு ஒன்பது. இப்படியொரு பொருத்தத்தைத் தன் சீவியத்தில் கண்டதில்லை என்று என் அப்பாவிடம் சத்தியம் பண்ணினார். அந்த ஒன்பது பொருத்தமும் இன்றைக்கும் பத்து மணிக்கு எழும்பி, "சுவர்ணா, தேத்தண்ணி எங்கை?" என்று கேட்கிறது. ஆகவே இந்தக் கதையை நான் நடுநிலையோடு சொல்லுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்த்தவரின் ஒரே மகள் அருந்ததி, குருநகர்க் கனிசியஸை விரும்பினாள். வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன், தேவாலயத்துக்குப் போகும் வேதக்காரன். சாதியையோ சமயத்தையோ பற்றிச் சீவரத்தினத்தார் ஒரு வார்த்தை பேசவில்லை. படித்த மனிதரல்லவா! "குறிப்பே இல்லாதவனோடை நான் என்னத்தைப் பொருத்திப் பாக்கிறது?" என்று மட்டும் கேட்டார். மிச்சமெல்லாம் அந்தக் கேள்விக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது ஒழுங்கைச் சனம் முழுவதற்கும் தெரியும். அருந்ததி பதிவுக் கலியாணமாக எழுத்து முடித்துக்கொண்டு போய்விட்டாள். இவர் கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்து, "எனக்குப் பிள்ளை இல்லை" என்றார். அது நடந்து ஒன்பது வருடம்.

போன வருடம் அவருக்குப் பல் முரசில் இரத்தம் கசிந்தது. பிறகு உடம்பெல்லாம் நீலமாகக் கண்டல். சோதித்துப் பார்த்தால் இரத்தப் புற்றுநோய். சென்னையில் கொண்டுபோய் மருந்தேற்றினார்கள். நோய் படுத்தது. ஆனால் அது நித்திரைதான், திரும்ப எழும்பும் என்று அங்கத்தைய டொக்டர் சொல்லிவிட்டார். வேறொருவரின் ஸ்டெம் செல்லை, அதாவது இரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களை, இவருக்குள் ஏற்றினால்தான் ஆள் தப்புவார். அதற்கு முதலில் பொருத்தம் பார்க்க வேண்டுமாம்.

"பொருத்தமோ?" என்று சீவரத்தினத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். நோய் வந்த பிறகு அந்த முகத்தில் அன்றைக்குத்தான் களையைக் கண்டேன்.

அணுவில் உள்ள அடையாளங்களில் பத்தைப் பார்ப்பார்களாம். கனடாவிலிருக்கும் தம்பி பாலேந்திரன் சோதனைக்கு எச்சில் கொடுத்தார். பத்துக்குப் பத்து! "என்ரை சீவியத்திலை இப்பிடியொண்டைக் கண்டதில்லை!" என்று சீவரத்தினத்தார் துள்ளினார். அப்படியானால் என் அப்பாவுக்குச் செய்த சத்தியம் என்ன கணக்கு என்று கேட்க நாக்கு உன்னியது. வருத்தக்காரரென்று விட்டுவிட்டேன்.

அந்தப் பத்தும் ஒரு கிழமைக்குப் பிறகு தொலைபேசியில் பேசியது.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. எனக்கு அட்டமத்துச் சனியெல்லோ நடக்குது. உடம்பிலை இரும்பு படக்கூடாதெண்டு நீங்கள்தானே குறிப்பைப் பாத்துச் சொன்னனீங்கள்?"

"டேய், இது கத்தி இல்லையடா, வெறும் ஊசி!"

"ஊசியும் இரும்புதானே அண்ணை."

இவர் தொலைபேசியை வைத்துவிட்டார். வேறென்ன செய்வார்? சொன்னது பொய்யென்றால் தொழில் போய்விடும், மெய்யென்றால் உயிர் போய்விடும். வைத்தியரின் மருந்து வைத்தியருக்கே கசந்தது.

பிறகு சென்னை டொக்டர் வீடியோவில் வந்தார். கணினி என்னுடையது என்பதால் நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சார், உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?"

"ஒரு மகள் இருந்தவள்."

"ஐயோ, இறந்துட்டாங்களா?"

"இல்லை... குருநகரிலை."

டொக்டர் கொஞ்சம் முழித்தார். பிறகு விளக்கினார். பெற்ற பிள்ளைக்குப் பாதி தகப்பன், பாதி தாய். ஆகவே பத்துக்கு ஐந்து எப்படியும் பொருந்தும். முந்தி பாதிப் பொருத்தத்தில் இதைச் செய்யப் பயந்தார்களாம். இப்போது, அணுக்களை ஏற்றி மூன்றாம் நாள் ஒரு மருந்து கொடுத்தால் அவற்றின் முரட்டுத்தனம் பெரும்பாலும் அடங்குகிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்களாம். கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் கொடுக்கவும் ஒரு மருந்தைக் கண்டுபிடித்தால் என்ன என்று நான் யோசித்தேன்.

"அஞ்சு பொருத்தத்திலை நான் ஒரு கலியாணமும் ஒப்பேத்தினதில்லை, டொக்டர்" என்றார் சீவரத்தினத்தார்.

"சார், இது கல்யாணம் இல்ல."

"அதைவிட மோசம். கலியாணமெண்டால் பிரிஞ்சு போகலாம்."

டொக்டர் சிரித்துவிட்டு, அதிகம் தாமதிக்க வேண்டாம் என்று சொல்லிப் போனார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "செத்தாலும் அவளிட்டைப் போய்க் கேக்க மாட்டன். தலை முழுகின பிள்ளை."

அப்போதுதான் உதயகலா, அவருடைய மனைவி, குசினிக்குள்ளிருந்து வந்தாள். வாய் செத்த மனுசி என்று ஊரே சொல்லும். "தலை முழுகினது நீங்கள்" என்றாள். "நான் அண்டைக்குத் தலை தோயேல்லை." பிறகு என் பக்கம் திரும்பி, "சுவர்ணா, ஒரு ஓட்டோ பிடி" என்றாள்.

குருநகரில் அருந்ததி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். பெரிய ஒப்பாரியும் ஏச்சும் நடக்கப்போகிறது என்று நான் சேலைத் தலைப்பை இறுக்கிக்கொண்டு போயிருந்தேன். தாய் சொல்லி முடிக்குமட்டும் அருந்ததி கேட்டாள். "எப்ப போகவேணும், அம்மா?" என்றாள். அவ்வளவுதான். கனிசியஸ்தான் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "மாமாவுக்கு இப்ப என்ரை குறிப்பு வேண்டாமோ?" என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். உதயகலா அழுதாள்.

சென்னையில் அருந்ததிக்குச் சில நாட்கள் ஊசி போட்டார்கள். பிறகு ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, மெசினில் வேண்டியதைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மற்றக் கையால் திருப்பி விட்டார்கள். தகப்பனின் பழைய அணுவையெல்லாம் மருந்தால் அழித்துவிட்டு மகளுடையதை ஏற்றினார்கள். மனுசன் பட்ட பாடு நாய் படாது. ஆனால் அணு பிடித்தது. பத்து வரவில்லை, ஐந்துதான் வந்தது, ஆள் தப்பிவிட்டார்.

வீடு திரும்பிச் சில மாதத்தில் கையிலும் கழுத்திலும் சிவந்து தடித்தது. ஒரே கடி, சொறிந்து மாளவில்லை. டொக்டர் வீடியோவில் பார்த்தார். "மகளோட செல் உங்க உடம்பை வேற ஆள்னு நினைச்சுச் சண்டை போடுது, சார். இப்போதைக்குக் களிம்பு போதும். அதை ஒரேயடியா அடக்கவும் கூடாது. மிச்சம் மீதி நோய் இருந்தா அதையும் அந்தச் சண்டைதான் தீர்க்கும்."

ஒரு சனிக்கிழமை காலை நான் இடியப்பம் கொண்டுபோனபோது, அருந்ததி முகமூடியோடு இருந்து தகப்பனின் கைக்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்தாள்.

"நல்லாக் கடிக்குதோ, அப்பா?"

"கடிக்கட்டும்." அவர் மற்றக் கையையும் நீட்டினார். "நீ ஒரு சொல் என்னைக் கேக்கேல்லை, பிள்ளை. சென்னையிலையும் கேக்கேல்லை, இஞ்சையும் கேக்கேல்லை. உன்ரை இரத்தமெண்டாலும் கேக்குது. கேக்கட்டும்." அந்தக் குரல் உடைந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். இருபத்தைந்து வருடக் கோபத்தை வைத்துக்கொண்டு எனக்கும் கண் கலங்கியது. என்ன வெட்கக்கேடு!

அருந்ததி களிம்பு பூசுவதை நிறுத்தவில்லை. "கேக்க எவ்வளவோ கிடக்கு, அப்பா. முதல், ஒவ்வொரு சனியும் அவர்தான் என்னை ஏத்திக்கொண்டு வாறார். கேற்றடியிலைதான் நிக்கிறார். இண்டைக்கும் நிக்கிறார். உள்ளை வாவெண்டு ஒருக்காச் சொன்னனீங்களோ?"

சீவரத்தினத்தார் மணிக்கூட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்பதரை. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரைக்கும் என்ன நேரமென்று இந்த ஒழுங்கைக்கே சொல்லிக் கொடுத்தவர் அவர். சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி, மெல்ல மெல்ல முற்றத்தைத் தாண்டிப் போய்த் தன் கையாலேயே கேற்றைத் திறந்தார்.

"உள்ளை வாரும், தம்பி."

கனிசியஸ் திகைத்துப்போய் நின்றான். "மாமா, இப்ப ராகுகாலமெல்லோ?"

"ஓம். நீர் வெய்யிலுக்கை நிண்டது போதும். வாரும்."