கடைசிக் கட்டிலின் முனகல்

சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்தால்கூட, முதலில் சர்க்கரை அளவைப் பார்த்துவிடலாமா என்று யோசிக்கிற ஆள் நான். நர்சிங் படித்த எனக்கு எதற்கும் ஒரு வரிசை வேண்டும். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, காய்ச்சல். இந்த நான்கில் அடங்காத எதையும் நான் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. அதனால் இதைப் படித்துவிட்டு, பாவம் இந்தப் பெண்ணுக்குத் தூக்கம் போதவில்லை என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கோபம் வராது, நானே பல நாள் அப்படிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் இது நடந்தது பகலில், மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, நான் நன்றாக விழித்திருந்தபோது.

கரியாலூரைத் தாண்டி கல்வராயன் மலைக்குள் இருக்கும் ஒரு சின்ன அரசு சுகாதார நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு பிரசவ அறை, அதையொட்டி மூன்று கட்டில் போட்ட வார்டு, தகரக் கூரை. அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு விளங்காத விஷயம், மலையில் யாருக்கும் எதுவும் வலிக்காது என்பதுதான். அரிவாள் காலில் இறங்கியிருக்கும், வலிக்கிறதா என்றால் "இல்லீங்க." பிரசவ வலியில் வியர்த்துக் கொட்டும், அப்போதும் "இல்லீங்க." பிறகுதான் புரிந்தது. வலி என்று சொன்னால் கீழே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். கீழே போனால் கூட ஓர் ஆள் போக வேண்டும், அந்த ஆளின் கூலி போகும், ஆட்டை யார் ஓட்டுவது, வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு யார் கஞ்சி ஊற்றுவது. ஆகவே வலிக்கிறதா என்று நாங்கள் கேட்பது, கீழே அனுப்பட்டுமா என்றுதான் அவர்கள் காதில் விழும்.

அதனால் நான் கேட்பதைக் குறைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். கால் விரல் மடங்குகிறதா, புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்திருக்கிறார்களா, மூச்சைப் பாதியில் நிறுத்துகிறார்களா, நாம் பார்த்தவுடன் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமாக வருகிறதா. இப்படி ஒரு வரிசை மனதில் இருக்கும்.

அன்று காலையில் மல்லிகாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, நல்ல எடை, ஒரு சிக்கலும் இல்லை. டாக்டர் ஒரு கூட்டத்துக்காகக் கீழே போயிருந்தார். மழை முந்தின நாளே பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் வளைவில் ஒரு பெரிய மரம் மண்ணோடு சரிந்து பாதையை அடைத்துவிட்டது, செல்போன் கோபுரமும் மின்சாரமும் சேர்ந்தே போயின. மல்லிகாவின் கணவன் கோவிந்தன் ஊர் ஆட்களோடு மரம் வெட்டப் போய்விட்டான். உள்ளே மிஞ்சியது நான், மல்லிகா, குழந்தை, அப்புறம் பணியாளர் ராணியக்கா. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாகப் பனிமூட்டம், அதற்கு அப்பால் உலகம் இருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. கதவைத் திறந்தால் உள்ளே வந்தது, மூடினால் அறைக்குள்ளேயே நின்றது. பெட்டிக்குள் வைத்து மூடியது மாதிரி இருந்தது எனக்கு.

அப்போதுதான் அந்த முனகல். கத்தல் இல்லை, அழுகை இல்லை. வலியை அடக்குகிறவர்கள் மூச்சைப் பிடித்துவைத்து, முடியாமல், மூக்கு வழியாக விடுவார்களே, அந்தச் சத்தம். கடைசிக் கட்டிலில் இருந்து வந்தது. கடைசிக் கட்டில் காலி.

போய்ப் பார்த்தேன். ரெக்சின் உறை போட்ட மெத்தை, அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், ஜன்னலுக்கு வெளியே நாய் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பி நடந்தால் முதுகுக்குப் பின்னால் மறுபடியும்.

"ராணியக்கா, உங்களுக்கு ஏதாவது கேட்குதா?"

"மழ பேயிறது கேக்குது. வேற இன்னா கேக்கணும்?" என்றார் அவர், பிரசவ அறையைத் துடைத்துக்கொண்டே. "வவுத்துல ஒன்னும் போடாம சுத்திக்கினு இருந்தா எல்லாந்தான் கேக்கும். சோத்தத் துன்னுட்டு ஒக்காருங்க சிஸ்டர்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு மல்லிகாவைப் பார்த்தேன், அவளும் சிரித்தாள், சட்டென்று. அந்த நேரத்தில் கடைசிக் கட்டிலில் முனகல் எழுந்தது. மல்லிகாவின் கால் விரல்கள் போர்வைக்கு வெளியே மடங்கி இறுகின. முனகல் நின்றதும் விரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முனகல், மறுபடி விரல்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், சத்தம் அங்கே, வலி இங்கே.

"மல்லிகா, எங்கம்மா வலிக்குது?"

"இல்லீங்க சிஸ்டர். நல்லாத்தாங்க கீறேன்."

நாடியைப் பிடித்தேன், படுவேகமாக ஓடிக்கொண்டிருந்தது. சற்று முன்பு பார்த்தபோது சரியாக இருந்த நாடி. கண் இமையை இறக்கினால் உள்ளே வெளுத்திருந்தது. ஆனால் துணியில் ரத்தம் அதிகமில்லை. ஒரு பக்கமாகவே சாய்ந்து படுத்திருந்தவளைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பிறப்புறுப்பின் வலது பக்கம் கருநீலமாக, உள்ளங்கை அளவுக்கு வீங்கியிருந்தது. ரத்தம் வெளியே வராமல் தசைக்குள்ளேயே தேங்கிக்கொண்டிருந்தது. அதன் வலி சாதாரணமானதில்லை, பல்லைக் கடிக்காமல் யாராலும் தாங்க முடியாது. இன்னும் கொஞ்ச நேரம் அவள் இப்படிச் சிரித்துக்கொண்டே கிடந்திருந்தால் அந்தச் சிரிப்போடே போயிருப்பாள்.

அதன் பிறகு எனக்குச் சத்தம் எதுவும் நினைவில்லை. இரண்டு கையிலும் சலைன் ஏற்றினேன், வீங்கிய இடத்தில் துணி வைத்து அழுத்திப் பிடித்தேன். ராணியக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு மழையிலேயே வளைவுக்கு ஓடினார். மரத்தை முழுதாக வெட்டி முடிக்கவில்லை, ஆனால் மேலே வரக் கிளம்பிய ஆம்புலன்ஸ் ஒன்று வழியில்லாமல் அந்தப் பக்கமே நிற்கிறதாம். கோவிந்தனும் இன்னும் சிலரும் மூங்கிலில் போர்வை கட்டி டோலியோடு வந்தார்கள்.

"ஏம்மே, வாயத் தொறந்து சொல்லக்கூடாதா நீ?" என்று கோவிந்தன் திட்டிக்கொண்டே அழுதான்.

"ஆடு இன்னும் கட்டிப்போட்ட எடத்துலயே நிக்குதா?" என்று கேட்டாள் அவள்.

நானும் கூடவே நடந்தேன், சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி. என் மனதில் விஷயம் ஒரு வழியாக ஒழுங்குக்கு வந்திருந்தது. முனகியது மல்லிகாதான். தகரக் கூரையில் பட்டு அந்த மூலையில் எதிரொலித்திருக்கிறது. இப்படி முடித்துக்கொண்டேன், நிம்மதியாகவும் இருந்தது. மரத்துக்கு மேலே டோலியைக் கைமாற்றும்போது மல்லிகா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சிஸ்டர், நீங்க போங்க. அந்தக் கடைசிக் கட்டிலு அக்காவப் பாருங்க. அவங்க அவ்ளோ வலியில மொனகிக்கினு கெடக்கசொல்ல, நான் எப்டிங்க எனக்கு வலிக்குதுன்னு சொல்றது? மொதல்ல அவங்களப் பாக்கட்டும்னுதான் கம்னு இருந்தேன்."

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. பார்க்கிறேன் என்றேன். குழந்தையோடு கோவிந்தனும் ஏறிக்கொள்ள, ஆம்புலன்ஸ் கதவு மூடியது, அதிலேயே ஒரு நர்ஸ் இருந்ததால் நான் போகத் தேவையில்லை. மல்லிகா பிழைத்தாள், குழந்தையும் நன்றாக இருக்கிறது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பனிமூட்டத்துக்குள் அந்த வண்டி மறைவதைப் பார்த்தபோது, எனக்குத் திரும்பிப் போக அந்த வார்டைத் தவிர வேறு இடமில்லை.

ராணியக்கா நனைந்த புடவையை மாற்றப் போய்விட்டார். வார்டில் நான் மட்டும். முனகல் இல்லை. அது இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் போய்விட்டால் விடலாம் என்று காத்திருப்பது மாதிரி ஓர் அமைதி. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கடைசிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கம்மா வலிக்குது?" என்றேன்.

பதில் வராது என்று தெரியும். கேட்டால் சொல்லாதவர்களைத் தொட்டுத்தானே பார்ப்போம். வயிறு இருக்கும் இடத்தில் மெத்தைமேல் கையை வைத்து மெதுவாக அழுத்தினேன். பஞ்சு இறங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். உள்ளே வலி இருக்கிற வயிறு, தொட்ட கையைத் தடுக்கத் தானாகவே விறைத்துக்கொள்ளும். அதை எந்த நோயாளியாலும் மறைக்க முடியாது, நடிக்கவும் முடியாது. என் விரல்களுக்குக் கீழே அந்த மெத்தை விறைத்தது.

கையை எடுத்துவிட்டேன்.

இப்போதும் அதே வார்டில்தான் எனக்கு வேலை. இருப்பதே மூன்று கட்டில், அதில் ஒன்றில் யாரையும் படுக்க வைக்காமல் இருக்க முடியாது. அங்கே படுப்பவர்களின் வயிற்றில் கை வைத்து, விறைப்பு தட்டுப்பட்டால், கீழே அனுப்பச் சீட்டு எழுதுவதற்கு முன் ஒரு கணம் நிற்கிறேன். என் கையைத் தடுப்பது படுத்திருக்கிறவர்தானா என்று எனக்குத் தெரிவதில்லை. எழுதிவிடுகிறேன். கீழே போனவர்களில் சிலரை, ஒன்றுமே இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.