லெர்ஹெ வீட்டுப் பலகை

மலைச்சரிவில் மூன்று பெரிய லார்ச் மரங்களுக்குக் கீழே இருந்தது வால்பூர்காவின் பண்ணை. அந்த மரத்தை எங்கள் ஜெர்மன் மொழியில் லெர்ஹெ என்போம். பண்ணைக்கும் அதுவே பெயர். வானம்பாடியையும் நாங்கள் லெர்ஹெ என்றுதான் சொல்வோம். எங்களுக்கு அதில் குழப்பம் வந்ததில்லை.

போருக்குப் பின் எங்கள் மலைநாடு இத்தாலியின் கைக்குப் போயிருந்தது. பெயர்ப்பலகைகளை எல்லாம் இத்தாலியத்துக்கு மாற்றச் சொல்லி ரோம் அரசு ஆணையிட்ட கோடையில், சமவெளியிலிருந்து எத்தோரே என்ற பலகை எழுதுபவன் வந்தான். எங்கள் மொழி அவனுக்கு அரைகுறை. பண்ணைப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டான். விதவை வால்பூர்கா புல் அறுத்துக்கொண்டே மேட்டு மரங்களைக் கைகாட்டினாள். அந்நேரம் பார்த்துப் புல்வெளியிலிருந்து ஒரு வானம்பாடி எழும்பியது. மாலையில் வாசலில் ‘வானம்பாடி இல்லம்’ என்று இத்தாலியத்தில் எழுதிய பலகை தொங்கியது, பறவைப் படத்தோடு.

பக்கத்துப் பண்ணை மொய்டல் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏன்டி, எப்ப முட்டை வைக்கப்போற?”

இலையுதிர்காலத்தில் எத்தோரே வேறொரு வேலையாக அந்த வழியே வந்தான். லார்ச்சுகள் பொன்னிறமாகி ஊசியிலைகளைக் கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்தன. வால்பூர்கா ஒரு பிடி அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“இதுதான் லெர்ஹெ.”

அவன் முகம் சிவந்துவிட்டது. “நான் பறவைன்னுல்ல நெனச்சேன். அழிச்சிட்டு எழுதித் தரேங்க.”

“வேணாம். குருவி நல்லாத்தான் இருக்கு. வந்து சூப் குடிங்க.”

மறு வசந்தத்தில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஊர் அதைப் பொறுக்கவில்லை. மொழியைப் பிடுங்கியவர்களின் ஆளை வீட்டுக்குள் விட்டாளே என்று மொய்டல் உட்பட எல்லோரும் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். தேவாலயத்தில் அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. வால்பூர்கா ஒரு ஞாயிறும் தவறாமல் போனாள். அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் குளிர்காலத்தில் பனி சரிந்து மொய்டலின் தொழுவத்தை மூடியது. ஊர் ஆட்கள் வந்து சேருமுன் எத்தோரே மண்வெட்டியோடு இறங்கியிருந்தான். பசுக்கள் எல்லாம் உயிரோடு வெளியே வந்தன. ஒரு கன்று மட்டும் பிழைக்கவில்லை. அதற்காக அவன்தான் மொய்டலிடம் மன்னிப்புக் கேட்டான்.

அந்த ஞாயிறு பூசை தொடங்கிய பிறகு மொய்டல் உள்ளே வந்தாள். தன் குடும்பம் உட்கார்ந்திருந்த வரிசையைக் கடந்து வந்து வால்பூர்கா அருகில் நின்றாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருடி,” என்றாள்.