மாடு தவறிப்போச்சு

போன வாரம் வடக்கனந்தலில் என் மச்சான் ஏழுமலையின் பசுமாட்டை இடி அடித்துவிட்டது. சாயங்காலம் கல்வராயன் மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது... ஒரே வெட்டு. கட்டின இடத்திலேயே மாடு விழுந்து கிடந்தது.

அந்த ஒரு மாட்டுப் பாலில்தான் அவன் வூட்டு அடுப்பு எரிந்தது. சர்க்கார் நிவாரணம் கொடுத்தால் இன்னொரு மாடு வாங்கலாம். ஆனால், மாட்டாஸ்பத்திரி டாக்டர் நேரில் வந்து, உடலை அறுத்துப் பார்த்து, 'இடிதான்' என்று எழுதித் தரணும். அதற்குள் புதைத்துவிட்டால்? ஒன்றும் கிடையாது.

டாக்டர் இருப்பது கள்ளக்குறிச்சியில். நடுவில் இருப்பது ரோடா? இட ஒதுக்கீடு கேட்டு மறியல். வழி நெடுக மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் கிடையாது. இங்கே தெருக்காரர்களோ விடிந்ததுமே குழி வெட்டிவிட்டார்கள்.

"பொழுது சாயறதுக்குள்ள எறக்கிடு ஏழுமல. அப்புறம் தெருவுல ஒருத்தரும் சோறு துன்ன முடியாது."

நானும் அவனும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம். போலீஸ் பிடித்தால்? டாக்டர் ஊரிலேயே இல்லாவிட்டால்? வழியெல்லாம் இதையே கேட்டுக்கொண்டு போனேன்.

"மாமா, வாய மூடிக்கினு மிதி. இடி வுழுந்தது எம் மாட்டு மேல. உன் மூஞ்சியப் பாத்தா உன் மேல வுழுந்தாப்பல கீது!"

டாக்டர் இருந்தார். தெற்கத்திக்காரர், ஊருக்குப் புதுசு. ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "மாடு தவறிப்போச்சுங்க."

"எங்கெல்லாம் தேடுனீய?"

ஏழுமலை முழித்தான். "இல்லீங்க... தவறிப்போச்சுங்க."

"மாடு தவறுனா போலீஸ் ஸ்டேஷனுக்குல்லா போகணும்? இங்க எதுக்கு வந்தீய?" கதவைச் சாத்த எழுந்துவிட்டார்.

பால் கொடுத்த மாட்டை 'செத்துடுச்சு' என்று எங்க பக்கம் வாயால் சொல்ல மாட்டோம். மனுஷனுக்குச் சொல்கிற மாதிரி 'தவறிப்போச்சு' என்போம். அவருக்கு எப்படித் தெரியும்? மாடு காணாமல் போய்விட்டது என்றே நினைத்துவிட்டார். ஏழுமலைக்கோ அந்த இன்னொரு வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. கதவு பாதி சாத்தியாகிவிட்டது.

நானோ எட்டாவதோடு நின்றவன். ஆபீசர் எதிரில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தும் கத்திவிட்டேன்: "செத்துப்போச்சு சார்! இடி வுழுந்து செத்துப்போச்சு!"

டாக்டர் பையை எடுத்தார். ஏழுமலை என்னைப் பார்த்தான் பாருங்கள் – இடியை ஏவிவிட்டதே நான்தான் என்பது போல!

டாக்டரை என் கேரியரில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பாதி வழியில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம். அரிவாளோடு ஒரு கும்பல்.

"பின்னாடி யாரு? ஆபீசரா? சர்க்கார் ஆளு ஒருத்தரையும் வுடக் கூடாதுன்னு சொல்லிக்கீதே, தெரியாது?"

டாக்டர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். நிவாரணம், சர்டிபிகேட் என்று என்னென்னவோ சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"மாடு தவறிப்போச்சுப்பா."

அரிவாள் தாழ்ந்தது. "அடடா... கறவையாங்க?"

"கறவதான். ரெண்டாம் ஈத்து," என்றான் ஏழுமலை.

அதட்டின ஆளே என் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார். டாக்டருக்கும் கை கொடுத்து ஏற்றி இறக்கினார். "பாத்து சார், கிளை குத்தும்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாட்டின் காலில் கயிறு கட்டி, இழுக்கத் தயாராக நின்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குழியில் இறக்கியிருப்பார்கள்.

டாக்டர் ஏழுமலையின் பெண்டாட்டியைப் பார்த்தார். "எப்பம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எப்பம்மா தவறிச்சு?"

அதுவரை கல்லாக நின்றவள், அப்போதுதான் அழுதாள்.

டாக்டர் 'இடிதான்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நிவாரணம் வந்துவிடும் என்கிறார்கள்.

வழியில் அதுவும் தவறிப்போகாமல் இருக்கணுமே... எங்க பாஷையிலும் சரி, டாக்டர் பாஷையிலும் சரி!