தோற்ற ராஜாவுக்கு ஒரு தங்கச் சட்டம்

பர் துபாயில் வாப்பாவுக்கு ஒரு பிரேம் கடை இருந்தது. அந்த ஊரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் சுவரில் ஆட்சியாளர்களின் படம் இருக்கும். அவற்றுக்குத் தங்கநிறச் சட்டம் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. வெட்டுவதும் ஒட்டுவதும் மாமா, உம்மாவின் தம்பி. முகம் நட்டநடுவில் வரவேண்டும், வேண்டாததைப் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை மறைத்துவிட வேண்டும் என்பதில் மனிதர் படு கறார்.

எனக்கு எட்டு வயதான அந்த வருடம் வியாபாரம் படுத்துவிட்டது, வாடகையோ ஏறிவிட்டது. என்னையும் உம்மாவையும் கீழக்கரைக்கு அனுப்பிவிட்டு, வாப்பா நாலு பேரோடு ஒரு ரூமில் ஒண்டிக்கொள்வதாகப் பேச்சு அடிபட்டது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒற்றை அறை வீட்டில் ரகசியம் எங்கே போய் ஒளியும்?

அப்போதுதான் ஒரு வெள்ளைக்கார அம்மா பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் எப்போதோ நடந்த போரில் தோற்றுப் பிடிபட்ட ராஜாவை, அவர் நாட்டுக்காரர்களே கேலிசெய்து அச்சடித்த படம் அது; கேலி என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதே மாதிரி இன்னும் நாற்பது வைத்திருந்தார், கண்காட்சி நடத்தப்போகிறார். இந்த வேலை பிடித்துப்போனால் மற்றவையும் எங்களுக்கே என்றார். நான் அங்கேயே மனதுக்குள் ஊருக்குக் கட்டிய பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

மறுநாள் வாப்பா சட்டம் வாங்க ஷார்ஜாவுக்குப் போன நேரத்தில் மாமா படத்தை விரித்தார். முறுக்கு மீசை, தாடி எல்லாம் சரி. கழுத்துக்குக் கீழே பன்றி.

"அஸ்தஃபிருல்லாஹ்! ஒரு ராஜாவுக்கு இப்புடியா ஒடம்பு போடுறது? அந்தம்மா சரியாப் பாக்காம வாங்கிருச்சு, பாவம்."

எனக்கும் அந்த ராஜாவின் கண்களைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "மூடிருங்க மாமா," என்றேன்.

அவர் அட்டையில் முட்டை வடிவத்தில் ஒரு ஓட்டை வெட்டினார். பன்றி அட்டைக்கு அடியில் போய்விட்டது, முகம் மட்டும் மிஞ்சியது. கடையிலேயே உசத்தியான தங்கச் சட்டத்தை எடுத்துப் போட்டார். தூக்கி நிறுத்தியதும் ராஜா நிஜமாகவே ராஜாவாகிவிட்டார்.

அந்த அம்மா வந்தபோது, விவரம் தெரியாத வாப்பா பெருமையாகப் படத்தை நீட்டினார். உடம்பு எங்கே என்று அவர் கேட்டார். மாமா பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் விளக்கினார். அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இத்தனை காலத்துக்குப் பிறகு இந்த மனிதருக்கு மரியாதை செய்தவர்கள் நீங்கள்தான், இதை இப்படியே என் வீட்டில் மாட்டிக்கொள்கிறேன் என்றார். மற்ற நாற்பதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கண்காட்சிக்கு வேண்டியது கேலி. அதை மூடிவைக்கிற கடையை நம்பி யார் கொடுப்பார்கள்? மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

நான்தானே மூடச் சொன்னேன்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அந்த அம்மாவிடம் கேட்டேன்: தோற்ற பிறகு ராஜாவை எங்கே அனுப்பினார்கள்? வேறொரு நாட்டுக்கு என்றார். தனியாகவா? இல்லை, மனைவியும் பிள்ளையும் கூடவே இருந்தார்கள் என்றார்.

"அப்ப அவருக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல வாப்பா," என்றேன் தமிழில்.

வாப்பா பளிச்சென்று இருந்த கண்ணாடியை எடுத்து மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த மாதம் நாங்கள் மூவரும் ஷார்ஜாவையும் தாண்டி, வாடகை குறைந்த கடலோர அஜ்மானுக்குக் குடிபோனோம். வாப்பா விடிவதற்கு முன் பஸ் பிடித்துக் கடைக்குப் போவார்; திரும்பி வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் தூங்கிவிடுவார். அப்படியே பல வருடங்கள். இன்று அதே சாலையின் நெரிசலில் கார் நகராமல் நிற்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான். ஊருக்கு அனுப்பும் பேச்சு ஏன் அத்தோடு நின்றது என்று அப்போது நான் கேட்கவே இல்லை. எங்கள் வாப்பாவுக்குக் கடல் என்றால் உயிர், அதனால்தான் அஜ்மானுக்கு வந்துவிட்டோம் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.