பூச்சாண்டி உத்தியோகம்

போலீஸ்காரியை வேலைக்கு எடுத்தது திருடனைப் பிடிக்கத்தான். பேருந்து நிலையத்துக்கு வரும் அம்மாக்களோ அவளுக்குப் பூச்சாண்டி உத்தியோகம் கொடுத்திருந்தார்கள். பிள்ளை சாப்பிட அடம்பிடித்தாலும் சரி, அழுதாலும் சரி, "அதோ போலீஸ், பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்று அவளைத்தான் கைகாட்டுவார்கள். வருஷக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள்.

இன்று ஒரு சிறுமி தொலைந்துபோனாள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் பெஞ்சுக்கு அடியில் போலீஸ்காரியே கண்டுபிடித்தாள். சீருடையைப் பார்த்ததும் குழந்தை பாவாடையை நனைத்துக்கொண்டது.

ஓடிவந்த அம்மா அதன் முதுகில் ஒன்று வைத்தாள். "இனிமே கையை விட்டுட்டுப் போனே, இந்தப் போலீஸ்கிட்டயே குடுத்துடுவேன்."

"அவ ஒளிஞ்சதே என்னைப் பார்த்துத்தாம்மா," என்றாள் போலீஸ்காரி. "நாளைக்கு எவனாவது கையைப் பிடிச்சு இழுத்தா, இவ யார்கிட்ட ஓடி வருவா?"